அவசரப் பிரிவைக் கட்டியவர்கள்

உங்களில் சிலர் மருத்துவத் துறையில் இருக்கிறீர்கள். அதனால் இந்த வரலாறு.

1950களில் அமெரிக்க மருத்துவமனைகள் பலவற்றில் அவசரப் பிரிவுக்கென்று தனி மருத்துவர் கிடையாது. பயிற்சி மருத்துவர்களோ, முறை வைத்து வரும் ஏதோவொரு துறை மருத்துவரோதான் பார்ப்பார்கள். தோல் மருத்துவரின் முறையன்று மாரடைப்பு நோயாளி வந்தால்?

1961இல் வர்ஜீனியாவின் அலெக்சாண்டிரியா நகரில் ஜேம்ஸ் மில்ஸ் என்ற பொது மருத்துவர், மேலும் மூவரைச் சேர்த்துக்கொண்டு, சொந்த கிளினிக்கை விட்டுவிட்டு, அவசரப் பிரிவை இரவும் பகலும் முழுநேரமாக ஏற்றார். 1968இல் அத்துறைக்குச் சங்கம், 1970இல் சின்சினாட்டியில் முதல் பயிற்சி, 1979இல் தனித் துறை என்ற அங்கீகாரம்.

ஆனால் அனுபவத்தை மட்டும் காட்டிச் சிறப்புத் தேர்வு எழுதும் வழி 1988இல் அடைக்கப்பட்டது. தரம் உயர அது தேவைதான், மறுக்கவில்லை. இருந்தும், சிறப்பு மருத்துவர்கள் பெரும்பாலும் நகரங்களிலேயே தங்கிவிட, இன்றும் அமெரிக்கக் கிராமங்கள் பலவற்றில் அவசரப் பிரிவைத் தாங்குபவர்கள் குடும்ப மருத்துவர்களே. அவர்களுக்கு மேற்பயிற்சி கொடுக்க வேண்டும்; ஒதுக்கக் கூடாது.

பட்டம் அவசியம், பிள்ளைகளே. பட்டம் எட்டாத ஊரிலும் விபத்து நடக்கிறதே!