‘ஒன்ஸ் மோர்’ கேட்க முடியாத ரசிகர்: கல்கத்தாவில் படமான தமிழ்ப் பாட்டு நாடகங்கள்

அலிப்பூரில் பெல்வெடியர் மாளிகை வளாகத்திலுள்ள தேசிய நூலகத்தைத் தமிழாய்வு மாணவர்கள் பெரும்பாலும் ஒரு காரணத்துக்காகவே அறிவர். பேராசிரியர் ச. வையாபுரிப் பிள்ளையின் நூற்சேகரிப்பு இங்குதான் உள்ளது. இவ்வளாகத்திலிருந்து ஆதிகங்கைக் கால்வாயை ஒட்டித் தெற்கே சென்றால் டாலிகஞ்ச் வரும். 1930-களில் வங்கத்தின் பேசும்பட நிலையங்கள் எழுந்த பகுதி அது. தமிழ் மேடையின் பாட்டு நாடகங்கள் சில திரைப்படமாக மாறியதும் இந்நகரில்தான். நாடக வரலாற்றிலும் திரைப்பட வரலாற்றிலும் இச்செய்தி பெரும்பாலும் ஒரே வரியில் கடந்துபோகிறது. அந்த ஒரு வரியைச் சற்றே விரித்துப் பார்ப்பது இப்பதிவின் நோக்கம்.

முதற்கேள்வி, ஏன் கல்கத்தா என்பது. 1931 அக்டோபர் 31 அன்று வெளிவந்த ‘காளிதாஸ்’ பம்பாயில் உருவானது. 1934-இல் ஏ. நாராயணன் சென்னையில் சீனிவாசா சினிடோனைத் தொடங்கும்வரை பேசும்படம் எடுக்கும் வசதி சென்னையில் இல்லை. ஆகவே நடிகரும் பாடகரும் வாத்தியக்காரரும் பம்பாய்க்கோ கோலாப்பூருக்கோ கல்கத்தாவுக்கோ ரயிலேற வேண்டியிருந்தது. கோயம்புத்தூர் சாமிக்கண்ணு வின்சென்ட், கல்கத்தாவின் பயனியர் பிலிம் கம்பெனியுடன் சேர்ந்து 1933-இல் ‘வள்ளி திருமணம்’ எடுத்தார். பி. வி. ராவ் இயக்க, டி. பி. ராஜலட்சுமி வள்ளியாக நடித்தார். 1935-இல் அசன்தாஸின் ‘பக்த நந்தனார்’ வெளிவந்தது. அதுவும் கல்கத்தாப் படப்பிடிப்பே. இயக்கியவர் மாணிக்லால் டாண்டன். அவரோடு அமெரிக்காவிலிருந்து வந்திருந்த எல்லிஸ் ஆர். டங்கன் அப்படத்தின் சில காட்சிகளை இயக்கிப் பழகினார். மறு ஆண்டே ‘சதி லீலாவதி’யின் இயக்குநரானார்.

இந்தப் பயணத்தில் மேடை எதை இழந்தது? சங்கரதாஸ் சுவாமிகளின் (1867–1922) நாடகங்களை நடத்திய ஸ்பெஷல் நாடக மரபை எண்ணிப் பார்த்தால் விடை கிடைக்கும். வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்த நடிகர்கள் ஓர் இரவுக்கு ஒரே மேடையில் கூடுவர். எல்லோருக்கும் பொதுவான பிரதி உண்டு. ஆயினும் அன்றைய இரவின் நாடகத்தை அந்தப் பிரதி மட்டும் தீர்மானிப்பதில்லை. வள்ளிக்கும் வேலனுக்கும் இடையே நடக்கும் தர்க்கம் எவ்வளவு நேரம் நீளும், எந்தப் பாட்டில் எத்தனை சங்கதி விழும், எது மீண்டும் பாடப்படும் என்பவற்றில் அவையில் அமர்ந்திருந்தவனுக்கும் பங்குண்டு. அவன் எழுப்பும் ‘ஒன்ஸ் மோர்’ என்னும் குரல் வெறும் பாராட்டன்று. அது நாடகத்தின் நீளத்தையும் போக்கையும் மாற்றும் அதிகாரம். எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் இணைந்து பாடிய மேடைகள் அந்த அதிகாரத்தால் வளர்ந்தவை.

படச்சுருளுக்கு அந்தக் குரல் கேட்காது. கல்கத்தாவில் ஒருநாள் பாடப்பட்ட பாட்டு, மதுரையிலும் கொழும்பிலும் அதே நீளத்தில் அதே சங்கதியோடு ஒலிக்கும். ரசிகர் தம் எதிர்வினையை அரங்கினுள் செலுத்தும் வழி அடைபட்டபோது, அது அரங்குக்கு வெளியே, அச்சுக்கு வந்தது. தமிழில் திரை விமரிசனம் என்னும் எழுத்து வகை வளர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

இதற்குச் சிறந்த சான்று ‘பக்த நந்தனார்’. சுந்தராம்பாளுக்கு அப்படத்தில் ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் தரப்பட்டது; அக்காலத்தில் யாரும் கேட்டிராத தொகை அது. 1933 டிசம்பரில் கிட்டப்பா மறைந்தபின் வெண்ணிற ஆடை பூண்டு, ஆண் நடிகருக்கு இணையாக நடிப்பதில்லை என்று ஒதுங்கியிருந்தவர் அவர். நந்தனார் வேடம் அந்த உறுதிக்கு இடையூறாகவில்லை. வேதியராக நடித்தவர் மகாராஜபுரம் விசுவநாதய்யர். படத்தைப் பற்றி ஆனந்த விகடனில் கல்கி எழுதிய கடுமையான விமரிசனம் புகழ்பெற்றது. நடிகர்களைவிடப் பனைமரமும் எருமையும் நன்றாக நடித்திருந்தன என்ற பொருளில் அவர் செய்த கிண்டல் இன்றும் எடுத்துச் சொல்லப்படுகிறது. கல்கி இசைக்குப் புறம்பானவர் அல்லர்; ‘கர்நாடகம்’ என்ற புனைபெயரில் கச்சேரி விமரிசனம் எழுதிய தீவிர ரசிகர். ஆகவே அந்தக் கிண்டலை, தமக்கு உரியதொன்று கைநழுவியதைக் கண்ட ரசிகரின் சினமாகவும் வாசிக்கலாம்.

ஆண் வேடத்தில் பெண் பாடுவதும், பெண் வேடத்தில் ஆண் வருவதும் மேடைக்கு இயல்பு. விளக்கொளியும் தொலைவும் குரலும் சேர்ந்து அந்த வழக்கத்தைக் காத்தன. காமிரா முகத்தருகே வந்தவுடன் அதே வழக்கம் வினாவுக்குள்ளாகிறது. பின்னணியில் உண்மையான பனையும் உண்மையான எருமையும் நிற்கும்போது, முன்னால் நிற்பவர் மட்டும் மேடைப் பாங்கில் இருப்பது உறுத்தும். கல்கியின் கிண்டல், அதை அவர் எண்ணிச் செய்தாரோ இல்லையோ, இரு கலைகளுக்கிடையேயுள்ள இந்த விரிசலில்தான் விரல் வைக்கிறது.

நந்தனார் கதைக்கு இது முதல் எதிர்வினையும் அன்று. பெரியபுராணத்தின் திருநாளைப்போவார் வரலாற்றில் நிலவுடைமை வேதியர் என்னும் பாத்திரம் இல்லை. அவரைப் படைத்தவர் கோபாலகிருஷ்ண பாரதியார். அவருடைய நந்தனார் சரித்திரக் கீர்த்தனைக்குச் சிறப்புப் பாயிரம் தர மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை முதலில் தயங்கினார். இலக்கணப் பிழைகள் அவரைத் தடுத்தன. பின்னர்ப் பாரதியார் திண்ணையில் அமர்ந்து பாடக் கேட்டு, மனமுருகிப் பாயிரம் அளித்தார் என்று உ. வே. சாமிநாதையர் பதிவுசெய்கிறார். ஏட்டில் படித்தபோது குற்றமாகத் தோன்றியது, குரலில் கேட்டபோது மறைந்தது. பிள்ளைக்கு இரண்டாவது முறை கேட்கும் வாய்ப்புக் கிடைத்தது. அதுவும் ஆக்கியோன் குரலிலேயே கிடைத்தது. படச்சுருளின் முன் அமர்ந்த கல்கிக்கு அத்தகைய இரண்டாம் கேள்வி வாய்க்கவில்லை.

இன்று நமக்கு முதல் வாய்ப்பே இல்லை. 1935-ஆம் ஆண்டுப் படத்தின் பிரதி எதுவும் எஞ்சியிருப்பதாகத் தெரியவில்லை. எஞ்சியிருப்பது 1942-இல் ஜெமினி தயாரித்த ‘நந்தனார்’. தண்டபாணி தேசிகர் நடித்தது. அதன் தயாரிப்பாளர் எஸ். எஸ். வாசன், முந்தைய படத்தைக் கண்டித்து எழுதிய அதே விகடனின் உரிமையாளர். அவ்வாறாக, முதல் நந்தனாரின்மீது கூறப்பட்ட தீர்ப்பு இருக்கிறது, அடுத்து வந்த நந்தனார் இருக்கிறார், தீர்ப்புக்கு உள்ளானவரைக் காணோம். சுந்தராம்பாளின் நந்தனாரைப் பற்றி எழுதும் மாணவர் எவரும் கல்கியின் கண்ணால்தான் அதைப் பார்க்கும் நிலை ஏற்பட்டுள்ளது. கல்கி நேர்மையான சாட்சியாகவே இருக்கட்டும். ஆயினும் அவர் ஒரு சாட்சி. பத்திரிகை கைக்கொண்டிருந்த, எழுதத் தெரிந்த, ஒரு குறிப்பிட்ட இசைச் சுவையில் ஊறிய சாட்சி. சுந்தராம்பாளின் குரலுக்காகவே தரை டிக்கெட் வாங்கி அமர்ந்தவர், நந்தன் கதையைத் தம் கதையாகவே கேட்டவர் ஆகியோரின் எதிர்வினை எந்தப் பத்திரிகையிலும் இல்லை. மேடை நாளில் ‘ஒன்ஸ் மோர்’ என்று அவர்களால் பேச முடிந்தது. திரையரங்கில் அவர்கள் ஊமையாயினர்.

அவர்களைத் தேடும் வழிகள் முற்றிலும் அடைபடவில்லை. திரையரங்க வாசலில் விற்ற பாட்டுப் புத்தகங்கள், கிராமபோன் தட்டுகளின் விலைப்பட்டியல்கள், நாடக நோட்டீசுகள் ஆகியவற்றில் அவர்கள் விரும்பி வாங்கியது எது என்பதாவது தெரியும். பாட்டுப் புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் இட்ட கோடு, விமரிசனத்துக்கு நிகரான ஆவணம். இவை பெரும்பாலும் நூலகங்களில் சேர்வதில்லை. பழைய வீடுகளின் தகரப் பெட்டிகளில் கிடக்கின்றன. இதைப் படிக்கும் மாணவர்கள் தத்தம் ஊர்களில், பாட்டி வீட்டில், அத்தகைய ஒன்றைக் கண்டால், எடைக்குப் போகுமுன் பக்கம் பக்கமாகப் படமெடுத்து வையுங்கள். யாருடைய புத்தகம், எந்த ஊர், யார் பாடக் கேட்டார் என்பதையும் வீட்டு மூத்தவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கல்கியின் குரலுக்கு எதிர்க்குரலோ ஒத்த குரலோ, இரண்டாவது சாட்சி ஒன்று நமக்கு வேண்டும்.