வெப்பம் போகணும், கரண்ட் போகக் கூடாது: ஒரு மைக்கா துண்டின் சரித்திரம்

பொல்பிட்டிய என்றதும் பலருக்கு ஞாபகம் வருவது பவர் ஸ்டேஷன். லக்ஷபான குளத்துத் தண்ணி சுரங்கத்தால் இறங்கி வந்து இங்கே டர்பைனைச் சுத்துது. 1969இல் இயங்கத் தொடங்கியபோது அதன் கொள்ளளவு 75 மெகாவாட். இந்த மாதிரிப் பெரிய ஜெனரேட்டர்களில் செப்புச் சுருளைச் சுற்றியிருக்கும் காப்பில் முக்கியமான பொருள் மைக்கா. நம்ம பெரியவங்க காக்காய்ப்பொன் என்று சொல்லுற அதே பளபளப்புக் கல்தான். அதே கல்லின் ஒரு முத்திரை அளவுத் தகடு, ஹாம் ரேடியோ கிட்களில் பவர் ட்ரான்சிஸ்டருக்கு அடியிலும் வரும். இந்தக் கட்டுரை அந்தச் சின்னத் தகட்டைப் பற்றியது.

ஹாம் ரேடியோ என்பது லைசன்ஸ் எடுத்த ஆர்வலர்கள் தாங்களே கருவி செய்து உலகத்தோடு பேசுகிற கலை. வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட ஏலாது. 2004 டிசம்பர் சுனாமியில் தொலைபேசி செத்துக்கிடந்த நேரம், அம்பாந்தோட்டையிலிருந்து செய்தி அனுப்பியவர்களில் நம்ம நாட்டு ஹாம்களும் இருந்தார்கள்.

பேசும் குரலை தூரத்துக்கு அனுப்ப சக்தி வேணும். அந்த வேலையைச் செய்யும் பவர் ட்ரான்சிஸ்டர் சூடாகும். சூட்டை வெளியே எடுக்க, உள்ளே இருக்கிற சிலிக்கன் சில்லை நேராக ஒரு உலோகத் தட்டில் ஒட்டி, அந்தத் தட்டை அலுமினிய ஹீட் சிங்கில் முறுக்கிவிடுவார்கள். சிக்கல் இங்கேதான். சூடு வரும் வழியாலேயே கரண்டும் வரும். 1960களில் பிரபலமான 2என்3055 ட்ரான்சிஸ்டரில் வெளி உலோகக் கூடே கலெக்டர். இன்றைய கிட்களில் வரும் ஐ.ஆர்.எஃப்.510இல் பின்பக்க உலோகம் ட்ரெயின். அதை பூமியோடு இணைந்த உலோகப் பெட்டியில் அப்படியே முறுக்கினால் சப்ளை நேராக ஷார்ட்.

ஆகவே நடுவில் ஒரு பொருள் வேணும்: சூட்டை விடணும், கரண்டை மறிக்கணும். உலோகங்கள் ரெண்டையும் விடும். பிளாஸ்டிக் பெரும்பாலும் ரெண்டையும் மறிக்கும். மைக்காவும் அப்படியொன்றும் நல்ல வெப்பக் கடத்தி இல்லை. ஆனால் அதை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக உரிக்கலாம். அவ்வளவு மெல்லிசாக இருந்தும் ஆயிரக்கணக்கான வோல்ட்டைத் தாங்கும், சூட்டில் உருகாது. மெல்லிசாக இருப்பதால்தான் சூடு கடந்து போகுது. இரண்டு பக்கமும் வெள்ளைக் கிரீஸ் பூசுவது இடைவெளிக் காற்றை விரட்ட. திருகாணிக்கு ஒரு பிளாஸ்டிக் புஷ். பிறகு மல்டிமீட்டர் வைத்துப் பார்த்து, தொடர்பு இல்லை என்று உறுதி செய்த பிறகே பவர் கொடுப்பது.

இதுவரை எலக்ட்ரோனிக்ஸ் புத்தகங்களும் சொல்லும். அவை சொல்லாதது: அந்தத் தகட்டை மெல்லிசாக உரித்தது யார்?

இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் உலகத்துக்கு மைக்காத் தகடு கொடுத்த முக்கிய நாடு இந்தியா. பிகாரின் கோடர்மா, கிரிடி பகுதிகளும் அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த நெல்லூர், கூடூர் பகுதிகளும் பேர்போனவை. கல்லைத் தோண்டியதோடு வேலை முடியாது. கத்தியால் ஒவ்வொரு ஏடாகப் பிரிக்கணும். இயந்திரத்துக்குச் சரிவராத வேலை. கண்ணும் விரலும் பழகணும். அதைச் செய்தவர்களில் பெரும்பாலோர் குறைந்த கூலிக்குப் பெண்களும் பிள்ளைகளும். இரண்டாம் உலகப்போரில் வானொலி வால்வுக்கும் கப்பாசிட்டருக்கும் விமான ஸ்பார்க் பிளக்குக்கும் மைக்கா இல்லாமல் முடியாது என்ற நிலை. மைக்கா வாங்குவதற்கென்றே பிரிட்டனும் அமெரிக்காவும் கல்கத்தாவில் கூட்டுக் குழு அமைத்தன. போருக்கு அவ்வளவு அவசியமான அந்த விரல்களுக்குச் சரித்திரப் புத்தகத்தில் பேர் இல்லை.

மலையகத்தில் இருக்கிற நமக்கு இது புதுக் கதை இல்லை. இரண்டு இலையும் ஒரு மொட்டும் கிள்ளுகிற விரலும் இயந்திரத்துக்குச் சுலபமாக இடம் கொடுக்காத விரல்தான். தேயிலைப் பக்கெட்டில் கம்பெனிப் பேர் இருக்கும், கொழுந்து எடுத்தவர் பேர் இருக்காது. பக்கத்து ஆற்றுத் தண்ணியில் எடுத்த கரண்ட் கொழும்புக்குப் போனபோது, எத்தனையோ லயங்களில் குப்பி லாம்புதான் எரிந்தது.

இன்று பவர் ட்ரான்சிஸ்டருக்கு அடியில் சிலிக்கன் ரப்பர் பேட் வந்துவிட்டது. ஆனால் மைக்கா சுரண்டுகிறவர்கள் போகவில்லை. கைவிடப்பட்ட ஜார்க்கண்ட் சுரங்கங்களில் பிள்ளைகள் துண்டு பொறுக்குவதைச் செய்தியாளர்கள் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார்கள். இப்போது அது போவது பெயின்ட்டுக்கும் முகப்பூச்சுக்கும்.

வேறு மாதிரியும் செய்யலாம் என்பதற்கு ஹைதராபாத்தில் ஒரு உதாரணம் இருக்கு. அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ்40 என்ற ஹாம் கிட் மலிவு விலைக்காக உலகம் முழுக்கப் பேசப்பட்டது. அதை விற்பனைக்கு விட்டபோதே, சுருள்களைக் கையால் சுற்றி போர்டைச் சோதிப்பது ஒரு பெண்கள் கூட்டு என்று அவர்கள் வெளிப்படையாகச் சொன்னார்கள். அந்த கிட்டின் கடைசிக் கட்டத்தில் வேலை செய்வதும் ஒரு ஐ.ஆர்.எஃப்.510தான்.

அந்த ஒரு வரியால் கூலிப் பிரச்சினை தீர்ந்துவிடாது. ஆனாலும் தொழில்நுட்ப வரலாறு என்றால் கண்டுபிடித்தவர் பேரும் ஆண்டும் மட்டும் என்று படித்து வளர்ந்த நமக்கு, இன்னொரு கேள்வி கேட்கப் பழக்குது: இதைச் செய்த கை யாருடையது?