தொடர்வரிசைப் பாறையடுக்கியல்

கடல்மட்டம் ஏறி இறங்கியதால் படிந்த வண்டல் அடுக்குகளை, அவற்றின் இடையே உள்ள அரிப்புத் தளங்களை எல்லையாகக் கொண்டு காலமுறைப்படி தொகுத்து ஆராயும் நிலவியல் பிரிவு. துளையிடுவதற்கு முன்பே மணற்பாறை எங்கே படிந்திருக்கும் என்று கணிக்க உதவுவதால், ஆழத்திலுள்ள எண்ணெய், எரிவாயுத் தேக்கங்களைத் தேடுவோருக்கு இது இன்றியமையாதது.

தோற்றம்

உலகக் கடல்மட்டம் முழுவதும் ஒருசேர மாறும் என்ற கருத்தை ஆஸ்திரிய அறிஞர் எட்வர்ட் சூயெஸ் 1888இல் முன்வைத்தார். அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகப் பேராசிரியர் லாரன்ஸ் ஸ்லாஸ், கண்டம் முழுதும் பரவிய அரிப்புத் தளங்களைக் கொண்டு வட அமெரிக்க உள்நிலப் பாறைகளை 1963இல் ஆறு தொடர்வரிசைகளாகப் பிரித்தார். சாக், டிப்பகனூ, கஸ்காஸ்கியா, அப்சரோகா, ஸூனி, டேஜாஸ் என்பன அவை.

அவருடைய மாணவர் பீட்டர் வெய்ல், எக்ஸான் நிறுவன ஆய்வுக்கூடத்தில் இக்கருத்தை, நிலத்தடிக்கு அலைகளை அனுப்பி எடுக்கும் நில அதிர்வுப் படங்களுக்குப் பொருத்தினார். படத்தில் தெரியும் எதிரொலிப்புக் கோடுகள் பாறை வகை மாறும் இடங்களைக் காட்டுகின்றன என்றே பலரும் கருதினர். அவை பெரும்பாலும் ஒரே காலத்துக் கடற்தரைகளைத் தொடர்கின்றன என்றார் வெய்ல். அவர் குழுவின் கட்டுரைகள் அமெரிக்கப் பெட்ரோலிய நிலவியலாளர் சங்கத்தின் 26ஆம் நினைவுத் தொகுதியாக 1977இல் வெளிவந்தன. 1987இல் ஹக், ஹார்டன்போல், வெய்ல் மூவரும் டிரையாசிக் காலம் முதலான கடல்மட்ட வரைபடத்தை வெளியிட்டனர்.

ஆழத்து மணலைத் தேடும் முறை

சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல் ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. தமிழகத்துக்கும் இலங்கைக்கும் நடுவே அப்போது இருந்தது தரை. இப்படிக் கடல் விலகும்போது ஆறுகள் கண்டத்திட்டை அறுத்துக்கொண்டு அதன் விளிம்புவரை ஓடுகின்றன. அறுத்த மணல், கலங்கல் நீரோட்டமாகக் கண்டச்சரிவில் இறங்கி ஆழ்கடலில் விசிறிபோல் படிகிறது. பின்னர் கடல் ஏறுகையில் அதன்மேல் களிப்பாறை படிந்து மூடியாகிறது. ஆகவே திட்டில் ஓர் அரிப்புத் தளத்தைக் கண்ட நிலவியலாளர், அங்கிருந்து போன மணல் எங்கே என்று கேட்டு, அதே காலக் கோட்டைச் சரிவுக்குக் கீழே பின்தொடர்கிறார். மேலே மணல் இல்லாத இடமே கீழே மணல் இருப்பதற்குத் தடயம்.

ஆழ்கடல் மணலின் மதிப்புக்கு 1985இல் பிரேசிலின் கம்போஸ் படுகையில் கண்டறியப்பட்ட மார்லிம் எண்ணெய் வயலும், 2002இல் கிருஷ்ணா-கோதாவரிப் படுகையின் ஆழ்கடல் பகுதியில் கிடைத்த எரிவாயுவும் சான்று.

விவாதமும் வளர்ச்சியும்

தொடர்வரிசையின் எல்லை அரிப்புத் தளமன்று, கடல் மிக உட்புகுந்த காலத்துத் தளமே என்றார் நிலவியலாளர் வில்லியம் காலவே (1989). வெய்ல் குழுவின் உலகக் கடல்மட்ட வரைபடத்தை நிலவியலாளர் ஆண்ட்ரூ மியால் 1992இல் கடுமையாக எதிர்த்தார். எழுந்தமான எண்களால் உருவாக்கிய கற்பனை அடுக்குகளும் அவ்வரைபடத்துடன் பெருமளவு பொருந்துவதை அவர் காட்டினார். நிலம் அமிழ்வது, எழுவது, வண்டல் வரத்து ஆகியவையும் அடுக்குகளை வடிவமைப்பதால், ஒரு படுகையின் கதையை அந்தப் படுகையிலேயே படிக்கவேண்டும் என்ற தெளிவு இவ்விவாதத்தால் வலுப்பெற்றது. மணல் போன திசையைக் கணிப்பு காட்டும். அதில் எண்ணெய் நிறைந்துள்ளதா என்பதை எண்ணெயை உருவாக்கும் தாய்ப்பாறையும் அதைத் தடுத்து நிறுத்தும் மூடுபாறையும் முடிவுசெய்ய, துளைக்கிணறே உறுதிசெய்கிறது.