துப்பாக்கியும் பேரேடும்

பழம்பொருள் ஒன்று மெய்யா, போலியா என்று அறிவது எங்ஙனம்? ஒரு துப்பாக்கியின் வரலாறு இதற்கு விடை கூறும்.

2014ஆம் ஆண்டு நவம்பரில், அமெரிக்காவின் நெவாடா மாநிலத்துக் கிரேட் பேசின் தேசியப் பூங்காவில், ஒரு ஜூனிப்பர் மரத்தின்மீது சாய்ந்திருந்த பழந்துப்பாக்கியைத் தொல்பொருள் ஆராய்வோர் கண்டனர். இரும்பு துருவேறியிருந்தது; வெடித்த கட்டையின் அடி மண்ணுள் புதைந்திருந்தது. விசையின் கீழுள்ள நெம்புகோலை அசைத்தால் அடுத்த தோட்டா குழலுள் ஏறும் வகையினது அது. அதன்மேல் இருந்த பொறிப்பு, வின்செஸ்டர் தொழிற்சாலையின் 1873ஆம் ஆண்டு மாதிரி என்று காட்டியது.

பொறிப்பு மட்டும் சான்றாகுமா? ஆகாது. 'ஆயிரத்தில் ஒன்று' எனப் பொறித்து அத்தொழிற்சாலை விற்ற 1873 மாதிரித் துப்பாக்கிகள் 140க்கும் குறைவே. சேகரிப்போர் அவற்றுக்குப் பெரும்பொருள் தருவதால், சாதாரணத் துப்பாக்கிகளில் அச்சொற்களை வெட்டி ஏமாற்றியோரும் உளர். ஆதலின் அறிஞர், துப்பாக்கியின் வரிசை எண்ணைத் தொழிற்சாலைப் பேரேட்டோடு ஒப்பிடுவர்.

வயோமிங் மாநிலத்தில், கோடி என்னும் ஊரின் அருங்காட்சியகத்தில் அப்பேரேடுகள் உள்ளன. நெவாடாத் துப்பாக்கியின் எண்ணும் அங்கே அகப்பட்டது. அது 1882இல் செய்யப்பட்டு அனுப்பப்பட்டதாம். யாருக்கு அனுப்பினர்? அவ்விடத்தில் எழுத்தே இல்லை.

அங்கே புகழ்பெற்ற வீரன் ஒருவனின் பெயரை இட்டு நிரப்பினால் கதை சுவைக்கும், வரலாறு கெடும். அருங்காட்சியகத்தார் அது செய்திலர். துப்பாக்கிக்கு மெருகேற்றிப் புதிதாக்கவும் இல்லை. கண்டெடுத்த கோலத்திலேயே காத்தனர். சான்று உள்ளவரை சொல்லுதலும், அது நின்ற இடத்தில் நிற்றலுமே வரலாறு கற்போர்க்கு அழகு.