பெருவிரல் கீழே போனால் என்ன நடக்கும்?

படங்களில் கண்டிருப்பீங்கள். வில்லன் பிஸ்டலின் பின்பக்கச் சுத்தியலை 'டக்' எண்டு இழுத்து வைப்பான். ரெண்டு வசனம் பேசுவான். பிறகு மனம் மாறி, துவக்கை இடுப்பில் செருகிக்கொண்டு போய்விடுவான். இழுத்த சுத்தியல் எப்படித் திரும்பக் கீழே போனது? படத்துக்கு அது தேவையில்லை. பிஸ்டல் செய்தவர்களுக்கோ அது பல பத்தாண்டுத் தலையிடி.

ஜோன் பிரவுணிங் வடிவமைத்து, 1911இல் அமெரிக்க இராணுவம் ஏற்றுக்கொண்ட கோல்ட் பிஸ்டலில் சுத்தியல் முதலே பின்னால் இழுபட்டிருக்க வேணும். விசை அதை விடுவிக்கும், அவ்வளவுதான். இழுத்தபடி பூட்டிவைக்கப் பக்கத்தில் ஒரு லீவர் உண்டு. மேலே தள்ளினால் பூட்டு, கீழே தள்ளினால் வெடிக்கத் தயார். சுத்தியலை இறக்குவதென்றால், அதைப் பெருவிரலால் பிடித்துக்கொண்டு விசையை அமத்தி, மெல்ல விட வேணும். குழலுக்குள் ரவை இருக்கும்போது விரல் வழுக்கினால் வெடிதான்.

1929இல் ஜேர்மனியின் வால்தர் நிறுவனம் 'பி.பி.' பிஸ்டலை வெளியிட்டது. இது 'டபுள் அக்ஷன்' வகை. முதல் வெடிக்கு விசையே சுத்தியலை இழுத்து விடும். அதனால் அந்த இழுவை நீளம், பாரம். அடுத்த வெடிகளுக்குச் சுத்தியல் தானாகவே பின்னால் நிற்பதால் விசை லேசு. இந்த வகையில் இதுதான் முதலாவது எண்டில்லை. ஆனால் பெரிதாக வெற்றி பெற்றது இதுதான். மேலே வழுக்கும் ஸ்லைடில் இருந்த லீவரைக் கீழே தள்ளினால், சுத்தியல் வெடிக்காமல் இறங்கும், துவக்கும் பூட்டுப்படும். ஜேர்மன் இராணுவத்தின் பி.38உம் இதே வழியில்தான் வந்தது.

ஒரே லீவர் ரெண்டு வேலை செய்ததால், கனபேர் ரெண்டையும் ஒண்டாகவே நினைத்தார்கள். ஆனால் 'சேஃப்டி' வெடிக்கவிடாமல் பூட்டும். 'டிகொக்கர்' சுத்தியலை இறக்க மட்டுந்தான். 1970களின் நடுவில் இந்த வித்தியாசம் வெளிச்சத்துக்கு வந்தது. செக்கோஸ்லோவாக்கியாவின் சி.செட். 75இல் சேஃப்டி இருந்தது, டிகொக்கர் இல்லை. சுவிஸ் இராணுவம் 1975இல் எடுத்த சிக் பி220இல் டிகொக்கர் இருந்தது, கையால் போடும் சேஃப்டி இல்லை. பாரமான முதல் இழுவையும், விசை இழுபடும்வரை ஊசியை மறித்து நிற்கும் உள்தடையும் போதும் எண்டது அவர்களின் கணக்கு. சுத்தியல் இறங்கிய சிக், பூட்டிய துவக்கு இல்லை. விசையை இழுத்தால் வெடிக்கும்.

1985இல் அமெரிக்க இராணுவம் கோல்ட்டை விட்டு இத்தாலியின் பெரெட்டா 92ஐ எம்9 எண்ட பெயரில் எடுத்தது. இதன் லீவர் ஸ்லைடில். கீழே தள்ளினால் பூட்டு, மேலே தள்ளினால் தயார். கோல்ட்டுக்கு நேரெதிர்! எத்தனையோ வருசம் ஒருபக்கம் பழகிய பெருவிரல் மறுபக்கம் பழக வேண்டியிருந்தது. அதோடு, ஸ்லைடை இழுக்கும்போது கை பட்டு லீவர் தெரியாமலே இறங்கிவிடும் எண்ட முறைப்பாடும் வந்தது. பிரெஞ்சு ஜொந்தாமரி எடுத்த 92ஜியில் லீவர் சுத்தியலை இறக்கிவிட்டுத் தானாகவே மேலே வந்துவிடும், பூட்டாது. 1993இல் ஹெக்லர் அன்ட் கொக்கின் யு.எஸ்.பி. ஒரே லீவரில் மூன்று நிலை வைத்தது: மேலே பூட்டு, நடுவில் தயார், கீழே டிகொக்.

ஆகவே பெருவிரலின் ஒரே அசைவு கோல்ட்டில் வெடிக்கத் தயார், எம்9இல் பூட்டு, சிக்கில் சுத்தியல் இறக்கம். பதற்றத்தில் விரல் யோசிக்காது, பழகினதைத்தான் செய்யும்.

'துப்பாக்கி தவறுதலாக இயங்கியது' எண்டு செய்தியில் அடிக்கடி வாசிக்கிறோம். அந்த வசனத்தில் துவக்கு மட்டுந்தான் இருக்கும், ஆள் இருக்கமாட்டார். ஊசித்தடை ஒழுங்காக வேலை செய்யும் பிஸ்டல், விசை இழுபடாமல் வெடிக்காது. அடுத்தமுறை அப்படி ஒரு செய்தி வந்தால், என்ன துவக்கு, அதில் என்ன லீவர், விசையில் யாரின் விரல் எண்டு கேட்டுப் பாருங்கோ.