தென்னமரமும் செம்பனைக் கன்றும்

வடசிலாங்கூர்த் தோட்டங்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பார்த்தால், ஆங்கிலத் துரைமாரின் ஊர்ப்பெயர்களும் மலாய்க் குன்றுகளின் பெயர்களும் மாறி மாறி வரும். அவற்றிடையே ஒரு பெயர் மட்டும் நம் செவிக்குச் சட்டென உறவு கொண்டாடி நிற்கும். அது தென்னமரம். கோல சிலாங்கூர் மாவட்டத்தில், முன்பு பத்தாங் பெர்ஜுந்தை எனவும் 2007ஆம் ஆண்டு முதல் பெஸ்தாரி ஜெயா எனவும் வழங்கும் ஊரையடுத்து அத்தோட்டம் அமைந்துள்ளது. கம்பெனிக் கணக்கேடுகளிலும் வேளாண் அறிஞர்களின் நூல்களிலும் உரோமன் எழுத்தில் பொறிக்கப்பட்டு உலகெங்கும் சென்றிருப்பது நம் பாட்டன்மார் வாயில் வழங்கிய பேச்சுச் சொல்லே. ஆயினும் அத்தோட்டம் புகழ்பெற்றது தென்னையால் அன்று. மலாயாவில் முதன்முதலாக வாணிக நோக்கில் செம்பனை நடப்பட்ட மண் அது. ஆண்டு 1917.

இச்செய்தியை நம் மாணவர்கள் வரலாற்றுப் பாடத்தில் ஒரே வரியில் படித்துக் கடந்துவிடுகின்றனர். அந்த வரிக்குள் ஒரு நாற்றுமேடை மறைந்திருக்கிறது. விதையை முளைக்க வைத்து, முளையைக் கன்றாக்கி, கன்றைக் காட்டுக்கு அனுப்பிய கைகளும் அதற்குள் மறைந்திருக்கின்றன. நான் எழுத எண்ணுவது அக்கைகளைப் பற்றியே.

முதலில் விதையின் கதையைச் சொல்லிவிடுகிறேன். செம்பனையின் தாயகம் மேற்கு ஆப்பிரிக்கா. 1848இல் சாவகத் தீவின் போகோர் தாவரத் தோட்டத்துக்கு நான்கு கன்றுகள் வந்து சேர்ந்தன. அந்நான்கின் வழித்தோன்றல்கள் சுமத்ராவின் டெலி வட்டாரத்துப் புகையிலைத் தோட்டங்களில், சாலையோர அழகு மரங்களாகவே நெடுங்காலம் நின்றன. 1911இல் அட்ரியன் ஹாலே என்னும் பெல்ஜியர் அவற்றைப் பயிராக நடத் தொடங்கினார். அவருடைய நண்பரே ஆன்றி ஃபோக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர். 1905இல் மலாயாவுக்கு வந்து, சிலாங்கூர் ஆற்றையொட்டிய ரந்தாவ் பஞ்சாங்கில் தோட்டம் திறந்தவர் இவர். டெலியிலிருந்து விதை தருவித்து முதலில் அழகுக்காக நட்டார். பின்னர், காப்பிப் பயிர் பயன்தராமற்போன நிலத்தில், தென்னமரத்தில், செம்பனை பயிராக நடப்பட்டது. இவரே பிற்காலத்தில் மலாயாவைக் களமாகக் கொண்டு புதினம் எழுதி, 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்றார். தோட்டத் துரை ஒருவர் இலக்கியப் பரிசு பெற்றதை இலக்கிய அன்பர்களாகிய நாம் பாராட்டலாம். ஆனால் அவருடைய கன்றுகளுக்குத் தண்ணீர் சுமந்தவர் பெயர் ஒன்றேனும் நமக்குக் கிடைத்திலது.

ரப்பருக்கும் இப்படியொரு நாற்றுக் கதை உண்டு. 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை இலண்டனுக்குக் கொணர்ந்தார். கியூ தோட்டத்தில் அவற்றுள் முளைத்தவை நூற்றுக்கு நான்குதாம். ரப்பர் விதையின் உயிர் மிகக் குறுகியது. சில வாரங்கள் காய்ந்து கிடந்தால் செத்துவிடும். முளைத்தவற்றுள் பெரும்பகுதி கண்ணாடிப் பெட்டிகளில் இலங்கைக்குச் சென்றது. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூரை அடைந்தன. அவற்றுள் ஒன்பது கோல கங்சாரில் நடப்பட்டன. தோட்ட முதலாளிமார் காப்பியை நம்பியிருந்த அக்காலத்தில், சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்து ரிட்லி, காண்போர் சட்டைப் பைகளிலெல்லாம் ரப்பர் விதையைத் திணித்தனுப்பிப் 'பைத்தியக்கார ரிட்லி' என்ற பட்டத்தைப் பெற்றார். பிரேசிலின் மலிவுக் காப்பி சந்தைக்கு வந்து சிலாங்கூர்க் காப்பித் தோட்டங்கள் சரிந்த பிறகுதான் அவருடைய பைத்தியம் அறிவாயிற்று. ரப்பர் பெருகியது, ரப்பரோடு நம்மவரும் பெருகினர்.

ஜெரம், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை என நம் வட்டாரத் தோட்டங்களில் நூறாண்டுகளாகக் கன்று வளர்த்தவருள் பெரும்பாலோர் பெண்டிர். ஆடவர் பால்மரம் வெட்டவும் காடு திருத்தவும் சென்றனர். நாற்றுமேடையில் மூட்டைக் கணக்கில் வலிமை வேண்டியதில்லை, பொறுமை வேண்டும் என்பது துரைமாரின் எண்ணம். கூலியைக் குறைத்துக் கொடுக்கவும் அவ்வெண்ணம் வசதியாக இருந்தது.

என் தாயார் அத்தகைய பெண்டிருள் ஒருவர். தோட்டத்தின் பெயரை ஈண்டுச் சொல்லப் போவதில்லை. 1970களின் பிற்பகுதியில் அங்கிருந்த நாற்றுமேடையை மட்டும் என் கண் முன் உள்ளவாறு எழுதுகிறேன். நூல்கள் நாற்றுமேடை என்னும். எங்கள் மக்கள் நர்சரி என்றே சொல்வர்.

முந்தைய தலைமுறையில் கன்றுகள் நிலத்துப் பாத்திகளில் வளர்ந்தன. ஓராண்டுக்கு மேல் வளர்ந்த கன்றை மண்கட்டியோடு தோண்டியெடுத்து, கட்டிச் சுமந்து, நடுமிடத்துக்குக் கொண்டு செல்லவேண்டும். வேர் அறுந்த கன்றுகள் நட்டபின் மாதக்கணக்கில் வாடி நிற்கும், பல மடியும். 1960களில் கறுப்பு நெகிழிப் பை வந்து இம்முறையை மாற்றியது. பையோடு வளர்ந்து பையோடு போகும் கன்றுக்கு வேர் அறுவதில்லை. சிறியதாகத் தோன்றும் இம்மாற்றத்தின் பயன், ஆயிரக்கணக்கான ஏக்கர் ரப்பரை அழித்துச் செம்பனை நட்டபோது வெளிப்பட்டது.

பைக்கு மண் நிரப்புவதே முதல் வேலை. கோல சிலாங்கூரின் கடலோரப் பகுதி களிமண் நிலம். அதனைத் தனியே பையில் இட்டால் வெயிலில் பாறையாகும், மழையில் சேறாகும். ஆகவே மேல்மண்ணைச் சலித்து மணல் கலந்து நிரப்புவர். தளர நிரப்பினால் தண்ணீர் ஊற்றியதும் மண் அமிழ்ந்து பை மடிந்துவிடும். அமுக்கி நிரப்பினால் வேர் மூச்சடைக்கும். எங்கள் தோட்டத்தில் பைக்கணக்கில் கூலி. பள்ளி விட்டு வந்ததும் பிள்ளைகள் நாங்கள் பையை விரித்துப் பிடிப்போம். தாய்மார் மண்ணள்ளிப் போடுவர். எங்கள் உழைப்பு எந்தப் புத்தகத்திலும் ஏறியதில்லை. அம்மாவின் கணக்கில் சில பைகளாகவே கரைந்தது.

அடுத்தது விதை ஊன்றல். செம்பனை விதை தானாக முளைக்கப் பல மாதங்கள் ஆகும். எனவே ஏறத்தாழ 40 பாகை செல்சியசு வெப்பத்தில் பல வாரங்கள் வைத்து, பிறகு நனைத்து, முளைகட்டிய விதையாகவே தோட்டத்துக்கு அனுப்புவர். அதில் இரண்டு சிறு முனைகள் நீட்டிக்கொண்டிருக்கும். கூரிய முனை குருத்து. மழுங்கிய, நுனி சற்றுப் பழுப்பேறிய முனை வேர். வேர் கீழும் குருத்து மேலும் இருக்குமாறு, மண்ணுள் ஓரங்குலத்துக்கும் குறைவான ஆழத்தில் ஊன்றவேண்டும்.

ஒரு பள்ளி விடுமுறையில், எனக்குப் பத்து வயதிருக்கலாம், ஒரு நிரை முழுவதையும் நானே ஊன்றுவதாக அம்மாவிடம் அடம்பிடித்து வாங்கினேன். விளையாடப் போகும் அவசரம். எது குருத்து எது வேர் என்று பாராமல் விரலால் குத்திக் குத்தி முடித்துவிட்டேன். சில வாரங்களில் மற்ற நிரைகளில் ஈட்டிபோல் முதலிலை எழுந்தது. என் நிரையில் சில முளைக்கவே இல்லை; சில கொக்கிபோல் வளைந்து மண்ணைக் கீறிக்கொண்டு வந்தன. மண்டோர் பார்ப்பதற்கு முன் அம்மா அவற்றைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு, "பிள்ளையத் தலைகீழாப் போட்டு வச்சிருக்கியேப்பா" என்றார். அடிக்கவில்லை. அன்று மாலை அந்த நிரையின் கூலி அவருடைய கணக்கில் வெட்டப்பட்டதைக் கிராணியின் பேரேட்டில் நான் கண்டேன். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் குழந்தை உளவியல் படித்தபோதும், பின்னர் வகுப்பில் நின்றபோதும், வேறெந்தப் பாடத்தைக் காட்டிலும் அந்த நிரையே எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது.

முதல் மூன்று மாதம் கன்றுகள் சிறிய பையில் நிழலில் இருக்கும். நிழலை ஒரேநாளில் அகற்றிவிடலாகாது. கீற்றுகளைச் சிறிது சிறிதாகக் களைந்து வெயிலுக்குப் பழக்கவேண்டும். பின்னர்ப் பெரிய பைக்கு மாற்றித் திறந்தவெளியில், மும்முக அமைப்பில் ஏறக்குறைய மூன்றடி இடைவெளி விட்டு அடுக்குவர். நெருக்கி வைத்தால் கன்றுகள் ஒளியைத் தேடி மேல்நோக்கி நீண்டு, தண்டு பருக்காமல் நோஞ்சானாகிவிடும். காலையும் மாலையும் தண்ணீர். 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் அன்று தண்ணீர் வேண்டியதில்லை. அதனை அளக்க அலுவலகத்தருகே மழைமானி ஒன்று இருந்தது. அம்மாவோ மண்ணை விரலால் தொட்டே சொல்லிவிடுவார். உரத்தைக் கரண்டியால் அளந்து, தண்டில் படாமல் வட்டமாகத் தூவவேண்டும். குருத்தில் ஓர் உருண்டை தங்கினாலும் இலை கருகும். களையைக் கையால் பறிக்கவேண்டும். பைக்குள் விழும் களையை மண்வெட்டியால் தொட்டால் கன்றின் வேரும் கூடவே போகும். இரவில் வண்டுகள் இலையைத் தின்னும். வறட்சியில் செஞ்சிலந்தி இலையின் அடியில் பரவும். அப்பொழுது மருந்தடிக்கும் தொட்டியை முதுகில் சுமந்ததும் பெண்களே. முகத்தை மறைக்க அவர்களுக்கிருந்தது தலைத்துண்டு.

ஓராண்டு நிறைந்ததும் கழித்தல். இலை புல்போல் குறுகியவை, விரியாமல் ஒட்டியவை, செங்குத்தாக விறைத்தவை, உச்சி தட்டையானவை எனப் பொல்லாத கன்றுகளைத் தேர்ந்து வெட்டி எறிவர். நூற்றுக்கு இருபது, சில வேளை அதற்கு மேலும் கழியும். கண்டிப்பில்லாமல் விட்டால் இருபத்தைந்து ஆண்டுகள் பயனில்லாத மரம் ஒன்று நிலத்தை அடைத்து நிற்கும் என்பதே காரணம். காரணம் சரியே. ஆயினும், நாள்தோறும் தண்ணீர் ஊற்றிய கன்றைத் தம் கையாலேயே வெட்டிப் போட்ட நாள்களில் அம்மா வீட்டில் அதிகம் பேசமாட்டார்.

இங்ஙனம் வளர்ந்த கன்றுகள் எங்கே சென்றன? பால்மரக் காட்டுக்குத்தான். ரப்பர் விலை தளர்ந்து செம்பனைக்கு ஏற்றம் வந்த ஆண்டுகள் அவை. பால்மரம் வெட்டுவோர்க்கு ஏறக்குறைய அன்றாடம் வேலையுண்டு. ஒருவர் ஒருநாளில் நானூறு, ஐந்நூறு மரங்களைப் பார்ப்பார். செம்பனையில் பத்துப் பதினைந்து நாள்களுக்கு ஒருமுறையே குலை வெட்டு. அதே நிலப்பரப்புக்குக் குறைந்த ஆள் போதும். என் தந்தையார் வெட்டிய நிரைகள் சாய்க்கப்பட்ட அதே இடத்தில், என் தாயார் வளர்த்த கன்றுகள் நடப்பட்டன. அதனை நான் பிறர் சொல்லக் கேட்டு எழுதவில்லை, நின்று பார்த்தேன். மூன்றாம் ஆண்டு அவை காய்த்தபோது நாங்கள் அந்த லயத்தில் இல்லை.

என் அத்தைக்கும் அதே காலத்தில் வேலை போயிற்று. அவர் பூ வேலைக்குப் போனவர்: ஆண்பூவின் தூளை முகப்பவுடரோடு கலந்து, ஊதுகுழலால் பெண்பூவில் தெளிக்கும் வேலை. 1981 பிப்ரவரியில், ஆர். ஏ. சையது என்னும் பூச்சியியல் அறிஞரின் ஆய்வின் பயனாக, கேமரூன் நாட்டிலிருந்து கொணர்ந்த ஒரு சிறு வண்டு குளுவாங்கில் விடப்பட்டது. ஓரிரு ஆண்டுகளில் அது தீபகற்பம் முழுதும் பரவி, அவ்வேலையைக் கூலியின்றிச் செய்து முடித்தது. நாட்டுக்கு அதனால் பெருவருவாய், மறுப்பதற்கில்லை. ஆய்வேடுகளில் அவ்வண்டுக்கு இலத்தீன் பெயர் உண்டு. பூ வேலை செய்த பெண்களைப் பற்றி அவற்றில் காணப்படுவது 'கூலிச் செலவு மிச்சம்' என்பதுதான்.

சென்ற ஆண்டு எங்கள் வட்டாரத்து நாற்றுமேடை ஒன்றுக்கு ஆறாம் ஆண்டு மாணவரை அழைத்துச் சென்றேன். தண்ணீர் குழாய்வழித் தானே பாய்கிறது. வேலை செய்தோருள் பெரும்பாலோர் வங்காளதேசத்தவர். முளைகட்டிய விதையொன்றை உள்ளங்கையில் வைத்து, எது வேர், எது குருத்து என்று மாணவரைக் கேட்டேன். ஒருவரும் சொல்லவில்லை. அருகில் நின்ற தொழிலாளர் ஒருவர் புன்னகையோடு விதையை வாங்கி, மழுங்கிய முனையை விரலால் தொட்டுக் காட்டி, மண்ணில் சரியாக ஊன்றினார்.