மரக்கட்டைச் செருப்போடு ஏறிய மேடை: ஜுஸ்தீன் ஃபவாரும் பிரெஞ்சு நாடக உடைச் சீர்திருத்தமும்

பிரெஞ்சு நாடக மேடையின் உடைச் சீர்திருத்தத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 1755-இலிருந்து தொடங்குவார்கள். அந்த ஆண்டு வோல்தேரின் ‘சீன அநாதை’ என்னும் துன்பியல் நாடகத்தில் நடிகை கிளேரோன், பாவாடையை இருபுறமும் அகல விரித்துப் பிடிக்கும் கூடைச் சட்டத்தைக் கழற்றிவிட்டு மேடையேறினார். 1758-இல் திதரோ தம் நாடகவியல் கட்டுரையில் அந்தத் துணிச்சலைப் பாராட்டினார். அந்தப் பெருமையில் பெரும்பங்கு, இரண்டாண்டு முன்பே வேறோர் அரங்கில் பாடி நடித்த ஜுஸ்தீன் ஃபவாருக்குச் சேர வேண்டும் என்பதே என் வாதம்.

ஜுஸ்தீன் 1727-இல் அவிஞோனில் ஓர் இசைக்கலைஞரின் மகளாகப் பிறந்தார். அரியணை இழந்த போலந்து மன்னர் ஸ்தனிஸ்லாஸின் லூனவில் அரண்மனைச் சூழலில் ஆடவும் பாடவும் பயின்றார். 1745-இல் பாரிஸின் சேன் ஜெர்மேன் சந்தையில் நடந்துவந்த ஒபேரா கோமிக் குழுவில் ‘ஷாந்தியி’ என்ற மேடைப்பெயரோடு சேர்ந்தார். அக்குழுவுக்கு நாடகம் எழுதி நடத்திய ஷார்ல் சிமோன் ஃபவாரை அதே ஆண்டு டிசம்பரில் மணந்தார்.

அந்தச் சந்தை அரங்கின் இயல்பைப் புரிந்துகொள்ளாமல் இவருடைய கலையைப் புரிந்துகொள்ள முடியாது. இசை நாடகம் நடத்தும் ஏகபோக உரிமை அரச இசைக் கழகத்தின் கையில் இருந்தது. பேசக்கூடாது, பாடக்கூடாது என்று தடைகள் வந்த காலத்தில், சந்தை நடிகர்கள் பாட்டு வரிகளை அட்டையில் எழுதித் தூக்கிக் காட்ட, பார்வையாளர்களே பாடினார்கள். ஊரறிந்த மெட்டுகளில் புதுச்சொற்களை ஏற்றுவது அவர்கள் வழக்கம். மெட்டு முன்பே தெரிந்ததுதான் என்பதால் கேட்பவரின் கவனம் முழுவதும் சொல்லிலும் முகபாவத்திலும் நின்றது. இங்கே பாடகி நடிகையாகவும் இருந்தே தீர வேண்டும்.

அக்குழுவின் வெற்றி போட்டி அரங்குகளின் கண்ணை உறுத்தியது. 1745-இல் அது மூடப்பட்டது. தளபதி மோரிஸ் த சாக்ஸ், ஃப்ளாண்டர்ஸ் போர்க்களத்துக்குத் தம் படையோடு வரும் நாடகக் குழுவுக்குத் தலைமை தாங்கும்படி ஃபவாரை அழைத்தார். அவர் கண் ஜுஸ்தீன்மேல் விழுந்தது. அவரிடமிருந்து விலகி ஜுஸ்தீன் தப்பியோட, கணவர் தலைமறைவானார். 1749-இல் அரச ஆணையின் பேரில் ஜுஸ்தீன் கைதாகிக் கன்னிமடங்களில் அடைக்கப்பட்டார். 1750 நவம்பரில் சாக்ஸ் இறந்த பிறகே அந்தக் குடும்பத்துக்கு மூச்சுவிட முடிந்தது. பழைய நூல்கள் பல இதைக் காதல் லீலை போலச் சுவைபட எழுதியிருக்கின்றன. அதிகாரத்தில் இருந்த ஒருவர் கலைஞர் ஒருவர்மீது நடத்திய வன்முறை என்றே இதைப் பதிவு செய்ய வேண்டும்.

திருப்புமுனை 1753-இல் வந்தது. முந்தைய ஆண்டு ரூசோ எழுதி இசையமைத்த ‘கிராமத்துக் குறிசொல்லி’ ஒபேராவைப் பகடி செய்து, கொமெடி இத்தாலியென் அரங்கில் ‘பஸ்தியான், பஸ்தியென்னின் காதல்’ மேடையேறியது. அதுவரை குடியானவப் பெண்ணாக வருபவரும் கூடைப் பாவாடை, முழங்கை வரை கையுறை, தலை நிறைய வைரம் என்றுதான் வருவார். ஜுஸ்தீன் கம்பளி உடுத்தி, தலைமுடியைப் படியவாரி, கழுத்தில் ஒற்றைச் சிலுவையும் வெறுங்கைகளுமாக, காலில் மரக்கட்டைச் செருப்போடு வந்தார். செருப்பைச் சிலர் முகம் சுளித்துப் பார்த்தார்கள். ஆனால் நாடகம் நிலைத்து ஓடியது.

இந்த விவரங்கள் கணவர் ஃபவாரின் குறிப்புகளிலிருந்து வருகின்றன. அவை அச்சேறியது 1808-இல். மனைவிக்காக எழுதிய சாட்சியம் என்று ஒதுக்கத் தோன்றலாம். ஆனால் கார்ல் வான் லூ தீட்டிய ஓவியமும் அதைப் பார்த்துச் செதுக்கிய அச்சுப்படமும் அதே எளிய கோலத்தைத்தான் காட்டுகின்றன. முன்னோடி இல்லாமலும் இல்லை: 1734-இல் லண்டனில் நடனக்கலைஞர் மரி சாலே கூடைச் சட்டமின்றி ஆடியிருந்தார். ஜுஸ்தீனிடம் புதியது, உடை பேச்சைப் பின்தொடர்ந்ததுதான். ரூசோவின் இடையர்கள் பண்பட்ட பிரெஞ்சில் பாடினார்கள். பகடி நாடகத்து மாந்தர்களோ குடியானவர்களின் கொச்சையில் பேசினார்கள். கொச்சைப் பேச்சுக்கு மேல் வைரம் ஒட்டாது. துன்பியல் மேடைக்கு இந்த நெருக்கடி எழவில்லை. அதனால்தான் மாற்றம் தாழ்வாகக் கருதப்பட்ட கலைவடிவத்தில் முந்திக்கொண்டது என்று கருதுகிறேன்.

1761-இல் ‘மூன்று சுல்தானாக்கள்’ நாடகத்தில் ரொக்ஸலானாக நடித்தபோது, கான்ஸ்டான்டிநோபிளில் தைத்த உடையை வரவழைத்து அணிந்தார். அன்றைய துருக்கிய மோகமும் இதில் கலந்திருந்தது. கம்பளி உடைக்கு இருந்த கூர்மை இந்தப் பட்டுக்கு இல்லை.

‘பஸ்தியென்’ நாடகமும் 1762-இன் ‘அனெத்தும் லூபேனும்’ நாடகமும் அவர் பெயரையும் தாங்கி அச்சாயின. நண்பரான பாதிரியார் வுவாசனோனே உண்மையில் எழுதியவர் என்ற பேச்சு அப்போதே கிளம்பியது. பல கைகள் சேர்ந்து ஆக்கிய அரங்கில், பெண் பெயரின்மேல் மட்டும் இப்படி ஐயம் எழுந்தது கவனிக்கத்தக்கது.

1768-இல் 12 வயது மோட்சார்ட் வியன்னாவில் இசையமைத்த ஜெர்மன் இசை நாடகத்துக்கு மூலம் இந்த ‘பஸ்தியென்’தான். ஜுஸ்தீன் 1772 ஏப்ரலில், 44 வயதில் பாரிஸில் மறைந்தார். 1878-இல் ஓஃபன்பாக் ‘மதாம் ஃபவார்’ என்றே ஓர் இசை நாடகம் படைத்தார். அதில் ஜுஸ்தீன் வேலைக்காரியாகவும் முதிய சீமாட்டியாகவும் வேடம் மாற்றி மாற்றித் தளபதியின் ஆட்களிடமிருந்து தப்புகிறார்.